மூடிக்கு அடியில்

பேட்டைப் பட்டறையில் பத்தாவது நிமிடத்தை எதிர்பார்த்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் தன் பழைய ஜீப்பைச் சுற்றிச்சுற்றி வருகிறார் நாசர். அந்நேரம்தான் அது இருமிவிட்டு நின்றுபோகும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். "ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தா இப்பிடித்தான்" என்று போன வாரம் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், ஜீப்பை ஓட்டிவந்த மருமகனை ஏசிவிட்டார். அன்றிலிருந்து மகள் ஸமீஹா அவர் போனை எடுப்பதில்லை. பானட் தகரம் வெயிலில் கொதிக்கிறது. இருமல் வருகிறது, ஜீப் நிற்கிறது. மெக்கானிக் எஸ்றா என்ஜின் பக்கமே போகாமல் டீசல் டேங்க் மூடியைப் பையத் திருகுகிறார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. மூடியின் அடியில், காற்றுத் துளையை அடைத்தபடி, சைக்கிள் டியூபில் வெட்டிய வட்டத் துண்டு. "காத்து போவ வழியில்லாம டீசல் எப்படி பாய் வரும்? யாரு போட்டது இத?" மழைத்தண்ணீர் இறங்கக்கூடாதென்று பிளேடால் அதைப் பார்த்துப் பார்த்து வெட்டிய நாசரின் விரல்கள், சட்டைப்பையிலிருக்கும் போனைத் தடவுகின்றன. துண்டை வீசிவிட்டு எஸ்றா சாவியைத் திருப்புகிறார். பத்து நிமிடம், பதினைந்து, இருபது. ஜீப் அசராமல் உறுமுகிறது. ஒருதரம், ஒரேயொரு தரம் நின்று தொலைத்தால் என்ன என்றிருக்கிறது நாசருக்கு.