பத்தாவது கையெழுத்து

"பத்தாவது ஆள் எங்கண்ணா?"

மூச்சு வாங்க ஓடிவந்த தங்கையைக் கண்டதும் சுபேதார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேர்தல் அலுவலக வராந்தாவில், முழங்காலுக்குள் தகடு வைத்த காலை நீட்டிக்கொண்டு, வேட்புமனுவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடம் எல்லையில் காவல் நின்ற மனிதர். இப்போது சுயேச்சையாகச் சட்டமன்றத்துக்கு நிற்பதென்றால், தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் அவரை முன்மொழிந்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

நர்ஸம்மா, பஸ் டிரைவர், தலைமையாசிரியர் என்று ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள், மூன்று மணியோடு நேரம் முடிகிறது. இப்போது மணி இரண்டு இருபது.

"சலூன்காரர் வரமாட்டாராம். யாரோ மிரட்டியிருக்காங்க" என்றார் நர்ஸம்மா, அவள் முகத்தைப் பார்க்காமலே.

தங்கைக்குச் சுருக்கென்றது. "மிரட்டினாங்களா?"

"உனக்கெதுக்கு இந்த வேலை? வீட்டுக்குப் போ" என்றார் சுபேதார். ஆறு மாதமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை.

"நீ சும்மா இருண்ணா!"

ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். மனுவில் சலூன்காரர் பெயரை எழுதியாகிவிட்டது. வேறு ஆள் பிடிக்க நேரமில்லை. அவளே போடலாமென்றால் அதற்கும் வழியில்லை.

சலூன் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே குரல் கொடுத்தாள். "கிளம்புங்க, கிளம்புங்க! மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க!"

சவரக்கத்தியும் கையுமாகத் திரும்பிய சலூன்காரர் திகைத்துப்போனார். "நீங்களாம்மா? நீங்க வந்து கூப்பிடுறீங்களே!"

"நான்தான். வாங்க."

"கடை லைசென்ஸை ரத்து பண்ணிடுவோம்னு ரெண்டு பேர் சொல்லிட்டுப் போனாங்கம்மா. யாரோட ஆளுங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். இனிமே அவங்க உங்க கடைப்பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்தவர் குறுக்கிட்டார். "அவ்வளவு அவசரம்னா நான் போடட்டுமா?"

"உங்களுக்கு ஓட்டு எங்க?"

"பக்கத்துத் தொகுதி."

"அப்போ வாயை மூடிக்குங்க, நுரை உள்ள போயிடும்."

சலூன்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததில் பாதி பயம் போய்விட்டது. கத்தியைக் கீழே வைத்தார். "அப்போ என் மீதி முகம்?" என்ற அலறல் கேட்டபோது ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன்மேல அவ்வளவு பாசமாம்மா?" பின்னால் உட்கார்ந்து கத்தினார் சலூன்காரர்.

"நான் காலேஜ் படிச்சதே அவர் அனுப்பின சம்பளத்துல. ஆனா இது அதுக்காக இல்ல. ஒருத்தரை நிக்கவே விடாம பண்றது என்ன பிழைப்பு?"

கடைத்தெருவில் சரக்கு லாரி ஒன்று குறுக்கே நின்றது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, சலூன்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அலுவலகப் படியேறும்போது செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மணி இரண்டு ஐம்பத்தாறு.

சலூன்காரர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி பத்துப் பெயர்களையும் வாக்காளர் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடினார். அவர் விரல் ஊர்ந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விடும்போல இருந்தது. கடைசியில் 'டொக்'கென்று முத்திரை விழுந்தது.

தலைமையாசிரியர் கைதட்டினார். டிரைவர் விசிலடித்தே விட்டார். சுபேதார் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 

மணி மூன்று அடித்தது. கதவைச் சாத்தச் சொன்ன அதிகாரி, ஒற்றைச் செருப்போடு நின்ற அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மொத்தமே ரெண்டு மனுதான் வந்திருக்கு. இவரோடது மட்டும் வராம இருந்திருந்தா, போட்டியே இல்லாம நீங்கதாம்மா மறுபடியும் எம்.எல்.ஏ.!"