ஐந்து பேர் சஹன்

"உனக்கு ஒரு மண்ணும் இல்லடா! போனை நோண்டி நோண்டி இல்லாத நோயத் தேடி எடுக்கிறாய்!"

சப்ரி கத்தியது கலியாணப் பந்தலுக்குள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவரிடம், "எனக்கு ஓட்டிசம் எண்டு நினைக்கிறன்" என்று ஆட்டிசத்தைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்த அவர் தம்பி றுமைஸ், தலையைக் குனிந்துகொண்டான்.

திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு இருந்த சஹ்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருசனை ஊர் நடுவில் இப்படி அவமானப்படுத்தினால் எந்தப் பெண்சாதிக்கு இறங்கும்?

"ரெண்டாள் சப்ரிக்கு என்ன தெரியும்? சோத்தத் தவிர!" என்றாள், திரைக்கு அப்பாலும் கேட்கட்டும் என்று.

பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவளே சஹ்லாதான். சஹன் எனும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது ஊர் வழக்கம். சப்ரி இருக்கும் சஹனில் மட்டும் ஐந்து பேர்தான். ஆறாவதாக யார் வந்தாலும், "அங்கால போங்க, எனக்குப் பசி கூட" என்று விரட்டிவிடுவார்.

சின்ன வயதிலும் அப்படித்தானாம். தம்பிக்கு எடுத்த பெருநாள் சட்டையை, இறுக இறுகத் தானே போட்டுப் பழசாக்கிவிட்டுத்தான் கொடுப்பாராம். மாமி உயிரோடு இருந்தபோது சொன்ன கதை.

றுமைஸுக்கு வேலை ஒரு கந்தோரில், அலுவலகப் பின்னறையில், பைல்களோடு. பத்து வருடத்தில் ஒரு பைல் தவறியதில்லை. அந்தக் கலியாணத்துக்குப் பிறகு புதிதாக வந்த மேலாளர் அவனைத் தூக்கிக் கவுண்டரில் போட்டார். சனத்தின் சத்தமும் முட்டலும் மோதலும் தாங்காமல் இரண்டே நாளில் கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்தான்.

"எனக்கு ஓட்டிசம் சேர். என்னப் பழைய இடத்திலயே விடுங்க."

"யார் சென்ன?"

"நானே வாசிச்சு அறிஞ்சன்."

"டொக்டர் வாயால செல்லட்டும். ரெண்டு மாசம் தாறன். கடிதம் இல்லாட்டி கவுண்டர். அதுவும் ஏலாட்டி, வீட்ட இரிங்க."

கல்முனைக்குச் சனிக்கிழமைகளில் வரும் டொக்டர் கிருசிகாவிடம் றுமைஸும் சஹ்லாவும் போனார்கள். ஒரு வருடமாகத் தன்னைப் பற்றி றுமைஸ் எழுதி நிரப்பிய கொப்பியை அவர் சிரிக்காமல் வாசித்தார். மூன்று சனிக்கிழமை அவனோடு இருந்து கதைத்தார்.

"நீங்க கண்டுபிடிச்சது சரியாத்தான் படுது. ஆனா கொப்பிய மட்டும் வச்சு நான் முடிவு எழுத ஏலாது. சின்ன வயசில இருந்தே இப்பிடித்தானா எண்டு, கூட வளந்த ஒராள் வந்து சொல்லவேணும்."

வாப்பாவும் உம்மாவும் மௌத்து. உயிரோடு மிஞ்சியிருப்பது மூத்தவர், காக்கா சப்ரி ஒருவர்தான்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டுவதா? சஹ்லா இரண்டு நாள் யோசித்தாள். தவணையோ முடியப்போகிறது. ரோசத்தை விழுங்கிக்கொண்டு அவருடைய இரும்புக் கடைக்குப் போய் நின்று விசயத்தைச் சொன்னாள்.

ஆணி நிறுத்துக்கொண்டிருந்த சப்ரி நிமிரவில்லை. "எத்தின மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை டொக்டருக்கு முன்னால் விறைத்துப்போய் இருந்தார். காரியத்தைக் கவிழ்த்துக் கொட்டத்தான் வந்திருக்கிறார் என்று சஹ்லா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சின்னதில தம்பி எப்பிடி?" என்று கேட்டார் டொக்டர்.

சப்ரி தொண்டையைச் செருமினார்.

"மணிச் சத்தம் ஆகாது டொக்டர். பள்ளிக்கூடத்தில மணி அடிக்கப் போறாங்க எண்டா நான் என்ட வகுப்பால ஓடிப்போய் இவன்ட காதப் பொத்துவன். அதுக்கு வாத்தியார்ட்ட தினமும் அடி."

"வேற?"

"புதுச்சேட்டு மொடமொடண்டு இரிக்கும். மேல பட்டா அழுவான். அதான் நான் ஒரு கிழமை போட்டு, கழுவி, மெதுவாக்கிக் குடுக்கிற. தம்பிட சேட்டக் களவாப் போடுறன் எண்டு உம்மா விளக்குமாத்தால அடிப்பா."

றுமைஸ் காக்காவையே பார்த்தான். அவனும் இதை இன்றைக்குத்தான் கேட்கிறான்.

"கலியாணம், விருந்து?"

"சோத்தில மத்தவங்கட கை பட்டா இவனுக்குத் தின்ன ஏலா. சஹனில இவனுக்கு இங்கால நான் இரிப்பன். என்ட கை இவன்ட பக்கம் போகாது. அங்கால ஒராள்ட இடத்த வெறுமனா வெச்சிருவன்."

"ஆரும் வந்து இடம் கேட்டா?"

"எனக்குப் பசி கூட எண்டு செல்லுவன்."

சஹ்லாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. 'ரெண்டாள்' என்று திரைக்கு அப்பாலும் கேட்கச் சொன்னவளாயிற்றே.

டொக்டர் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவும் உங்களுக்குத்தான் முதல் தெரிஞ்சிருக்கு. பிறகு ஏன், தம்பி எனக்குச் சொன்ன மாதிரி, அண்டைக்குப் பந்தலுக்குள்ள, இவருக்கு ஒண்டுமில்ல எண்டு கத்தினீங்க?"

சப்ரி கடிதத்தை வாங்கித் தம்பியின் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார்.

"ஆக்களுக்கு முன்னால ஓட்டிசம் எண்டு பேரச் சென்னா ஊரு இவனப் பாத்துச் சிரிக்கும் டொக்டர். சிரிக்கிறவங்க என்னப் பாத்தே சிரிச்சிட்டுப் போகட்டும் எண்டு விட்டுட்டன்."