வாசலில் நாலு பச்சோந்தி

“ஐயோ, மேல ஏறப் போகுது! யாராச்சும் ஓடி வாங்களேன்!”

பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹோசா, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலுக்கு ஓடி வந்தான். தூணில் தொங்கிய கொசுவலைக் கூண்டுக்கு முன்னால் அவன் மனைவி ருகியா, தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நாலு பச்சோந்திக் குஞ்சுகள், வாழைக்குருத்து நிறத்தில், ஆளுக்கொரு குச்சியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

“வலை கட்டியிருக்கே ருகியா, எப்படி ஏறும்?”

“கண்ணை உருட்டுதுங்க! ஒரு கண்ணு என்னைப் பாக்குது, இன்னொரு கண்ணு அண்ணி வீட்டைப் பாக்குது!”

அந்தச் சத்தத்துக்கு அண்ணியே வேலியோரம் வந்துவிட்டாள். அண்ணி என்றால் ஹோசாவின் அக்கா மாசிகா, அடுத்த வீட்டுக்காரி.

“டேய் ஹோசா! உனக்குப் பொண்டாட்டி வேணுமா, அந்தப் பீடை வேணுமா?”

“அக்கா, அதுங்க பாட்டுக்கு ஈ தின்னுக்கிட்டு இருக்குதுங்க. உன்னை என்ன பண்ணிச்சு?”

“எதிர்ல வந்தாலே குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஊரே ஒதுங்கிப் போவுது. நீ தொட்டில் கட்டித் தொங்க விட்டிருக்க!”

மாசிகா சொன்னதில் தப்பில்லை. லுஷோட்டோ மலையில் பாம்பைக் கண்டால் கம்பை எடுப்பவர்கள்கூடப் பச்சோந்தியைக் கண்டால் பாதையை மாற்றிக்கொள்வார்கள். ஹோசாவும் அப்படித்தான் இருந்தான். அவரைக்குக் கொத்தும்போது மண்வெட்டியில் முட்டைகள் அகப்பட, பாவமே என்று மண்ணோடு ஒரு டப்பாவில் எடுத்து வைத்தான். அவை பொரிந்து, முதல் குஞ்சு அவன் நகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியதோடு சரி, ஆள் மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

வளர்க்கத்தான் தெரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. இலையில் தெளித்த பிறகுதான் சொட்டுச் சொட்டாக நக்கின. அழுகிய வாழைப்பழத் தோலைப் போட்டான், பொடி ஈக்கள் மொய்க்க, நாக்குகள் சட்சட்டென்று நீண்டன.

நாலையும் சேர்த்து விட்டபோது ஒன்றையொன்று பார்த்துக் கரியாகக் கறுத்துப்போயின. நடுவில் இலைக்கொத்துகளைத் தொங்கவிட்டு மறைத்தான். பிடிக்காததைக் கண்டால் கறுக்கும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டான். வழிப்போக்கர் எட்டிப் பார்த்தால் கறுக்கும், மாசிகா வேலியோரம் கையை ஆட்டினால் கறுக்கும்.

பட்டறையில் கட்டில் வேலை நெருக்கும் நாட்களில் மத்தியானம் வந்து தண்ணீர் தெளிக்க முடியாது. ஆனாலும் சாயங்காலம் வந்து பார்த்தால் நாலும் தெம்பாகவே இருக்கும். மலைப்பனியே போதும்போல என்று நினைத்துக்கொண்டான்.

கவலையெல்லாம் ருகியாவைப் பற்றித்தான். முன்பெல்லாம் மாசிகா விடிந்ததும் வருவாள், இருட்டியதும் போவாள். அடுப்பில் வேகும் மக்காண்டேக்கு எவ்வளவு மொச்சை, எவ்வளவு சோளம், எவ்வளவு உப்பு என்பது வரை அவள் பொறுப்பு. கூண்டு வந்த நாளிலிருந்து வேலியைத் தாண்டவில்லை. பயந்த பெண்ணைத் தனியாகத் தவிக்க விட்டுவிட்டோமே என்று ஹோசாவுக்கு மனசு உறுத்தியது.

“அதுங்களை ஒழிச்சுக்கட்டுடா” என்றாள் மாசிகா. “இன்னிக்கே மெத்தையைத் தூக்கிக்கிட்டு வந்துடறேன். பாவம், அவளுக்குத் துணையா ராத்திரியும் அங்கேயே படுத்துக்கறேன்.”

“கேட்டீங்களா? அண்ணி மெத்தையோட வர்றேங்கறாங்க!” ருகியா முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். “இதுங்க இருக்கறதாலதானே அவங்களால வர முடியல!”

ஹோசாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. காட்டோரம் விட்டால் இவ்வளவு சின்னக் குஞ்சுகள் பொழுது சாய்வதற்குள் ஏதாவது குருவிக்கு இரைதான். தெரிந்தும் கூண்டைத் தூணிலிருந்து கழற்றினான்.

“நீ அழாத ருகியா. கொண்டுபோய் விட்டுடறேன்.”

“இப்பவாச்சும் புத்தி வந்துச்சே!” மாசிகா குதூகலமாக உள்ளே ஓடினாள். அவள் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ருகியா முகத்திலிருந்து துணியை எடுத்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. கூண்டின் முடிச்சைப் பார்க்காமலே அவிழ்த்து, விரலை உள்ளே நீட்டினாள். இருப்பதிலேயே சின்னது, தினமும் ஏறுகிற மரத்தில் ஏறுவதுபோல் அதில் ஏறி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. கொஞ்சமும் கறுக்கவில்லை.

ஹோசா குஞ்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்போ... உனக்குப் பயமே இல்லையா?”

“எனக்கா? மத்தியானம் தண்ணி தெளிக்கிறது யாருன்னு நெனச்சீங்க?”

வேலிக்கு அப்பால் கதவு மறுபடி திறந்தது. ருகியா குஞ்சை உள்ளே விட்டு, முடிச்சைப் போட்டு, அவனைக் கூண்டோடு சேர்த்துத் தூண் பக்கம் தள்ளினாள்.

“சீக்கிரம் மாட்டுங்க, அண்ணி மெத்தையோட வந்துட்டாங்க!”