ஓடுற தண்ணிக்கு நான் பொறுப்பு

“நதி மலை மேல ஏறாது டீச்சர்.”

“என் கதையில ஏறும் சார். அது மந்திர நதி.”

“மந்திர நதின்னு எந்த அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க?”

டீச்சர் விழித்தார். எழுதியிருக்கவில்லை. மாதிரிப் படத்தில் கோடு இழுக்கும்போது கை கொஞ்சம் வடக்கே போய்விட்டது, அவ்வளவுதான்.

வகுப்பெடுத்த நேரம் போக நாலு வருஷமாக எழுதிய முதல் நாவல். பறக்கும் குதிரை, பேசும் மரம், நெருப்பு கக்கும் டிராகன் எல்லாம் உண்டு. நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்துக்கு அந்தக் கற்பனை ராஜ்ஜியத்தின் வரைபடம் மட்டும்தான் பாக்கி.

அதற்காகப் பதிப்பாளர் பிடித்துக்கொடுத்த ஆள் இவர். நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளர். லீவு நாட்களில் பதிப்பகத்தின் பின்னறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் படம் வரைவார். நூல் பிடித்தாற்போல் கோடு போடுவாராம். அதனால் எல்லோருக்கும் அவர் ‘நூல்பிடி’. அவர் பிடிப்பது நூலை அல்ல, கழுத்தை என்று வந்த அரை மணி நேரத்திலேயே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

நதியைத் திருப்பிவிட்டு, அடுத்ததாகப் பாலைவனத்தை மலைக்கு அந்தப் பக்கம் தள்ளினார் நூல்பிடி.

“மேகம் கடல்லேர்ந்து வந்து இந்தப் பக்கம்தான் மோதுது. மழை இங்கதான் கொட்டும். இங்க போய்ப் பாலைவனம் வெச்சா ஒட்டகம் நீச்சல் கத்துக்கணும்.”

“சார், என் குதிரை பறக்குது. அதை ஒண்ணும் சொல்லலையே நீங்க?”

“பறக்கிற குதிரைக்கு நீங்க பொறுப்பு. ஓடுற தண்ணிக்கு நான் பொறுப்பு.”

டீச்சரின் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“மேஸ்திரி சாயங்காலம் மனைக்கு வர்றார். ஆறு மணிக்குள்ள வந்துடு. இந்த வாரமே அஸ்திவாரம் தோண்டலாம்ங்கறார்.”

“இங்க ஒருத்தர் எனக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கார். முடிச்சுட்டு வந்துடறேன்.”

இருபது வருஷ வாடகை வீட்டு வாழ்க்கை முடியப் போகிறது. அந்தச் சந்தோஷம் இருந்ததால்தான் டீச்சர் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தார். அதற்கும் சோதனை வந்தது. நூல்பிடியின் பென்சில் தலைநகரத்தில் போய் நின்றது.

“இது நகரம் இல்லை டீச்சர். ஏரி.”

“என்னது?”

“மூணு பக்கமும் மேடு. ரெண்டு நதியும் இங்கதான் இறங்குது. நடுவுல பள்ளம். இங்க தண்ணி நிக்காம அரண்மனையா நிக்கும்?”

“ஏரியாத்தான் இருந்துச்சு. ராஜா மண்ணைக் கொட்டித் தூர்த்துட்டு ஊரைக் கட்டினார். ரெண்டாவது அத்தியாயத்துல இருக்கு, பாருங்க!”

ஒரு பாயிண்டிலாவது ஜெயித்துவிட்ட திருப்தி டீச்சருக்கு. அதுவும் நிலைக்கவில்லை.

“ராஜா தூர்த்தது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மழைக்கு யார் சொல்றது? தண்ணிக்கு ஞாபகம் அதிகம். பத்து வருஷம் சும்மா இருக்கும். பதினோராவது வருஷம் பழைய வீட்டைத் தேடிக்கிட்டு வந்துடும்.”

“கதை சார் இது! வெறும் கதை!”

“அங்க குடியிருக்கிற சனம்?”

“அவங்களும் கதைதான்!”

“இருக்கட்டும். தூங்கிக்கிட்டு இருக்கிறவங்க மேல தண்ணியை விட என் கை வராது.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருப்பவரிடம் என்ன பேசுவது? டீச்சர், வாசலில் நின்ற பதிப்பாளரை முறைத்தார். பதிப்பாளர் மின்விசிறி சுற்றுவதை அக்கறையாகப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் தலைநகரம் குன்றின் மேல் ஏறியது. அதற்காக ஐந்து பக்கங்களை டீச்சர் அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினார். வேடிக்கை என்னவென்றால், மாற்றியதுதான் நன்றாக இருந்தது. இளவரசி மாடத்தில் நின்று கீழே பார்க்கிறாள். பறக்கும் குதிரைகள் ஏரியில் தண்ணீர் குடிக்க வரிசையாக இறங்குகின்றன. படித்துப் பார்த்த டீச்சருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

“மன்னிச்சுக்குங்க சார், கத்திட்டேன். கற்பனை ஊருக்கே இவ்வளவு பார்க்கறீங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நிஜ ஊர் எப்படி இருக்கும்!”

நூல்பிடி தலையைக் குனிந்துகொண்டு ஏரிக்கு நீலம் பூசினார். முடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். வால் நீண்ட ஒரு எழுத்து, அடியில் இரண்டு புள்ளி.

டீச்சர் அதை உற்றுப் பார்த்தார். பையைத் துழாவி, மேஸ்திரிக்குக் காட்ட வைத்திருந்த மனை வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். அரசாங்க முத்திரைக்குக் கீழே அதே வால், அதே இரண்டு புள்ளி.

“அட! எங்க மனையும் நீங்க வரைஞ்சதுதானா! பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, பதினேழாம் நம்பர்.” டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இடம் கொஞ்சம் தாழ்வா இருக்கேன்னு எனக்குத்தான் உள்ளூர ஒரு பயம். இனிமே நிம்மதி சார். நீங்க போட்ட கோடாச்சே!”

நூல்பிடி அந்த மனை வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்த நீலப் பென்சிலை மறுபடி எடுத்தார். பதினேழாம் நம்பரில் ஆரம்பித்து, பக்கத்து மனைகள், குறுக்குத் தெரு, பூங்கா என்று எழுதியிருந்த இடம், ஒன்று விடாமல் பூசிக்கொண்டே போனார்.

“ஐயோ, என்ன சார் பண்றீங்க? அதை மேஸ்திரிகிட்ட காட்டணும்!”

“எங்க ஆபீஸ்லயும் ஒரு ராஜா இருந்தார் டீச்சர். ஏரியைத் தூர்க்கச் சொன்னார்.” அவர் நிமிரவே இல்லை. “நீலத்தை அழிச்சுக் கொடுத்தது நான்தான்.”