தனி அடுக்கு

"ஆடுறாங்க பாரு டுவெய்ன்! நம்ம வரிப்பணத்துல ஆடுறாங்க!"

வெர்னா அத்தை டிவியைப் பார்த்துக் கத்தினாள். வரித்துறை அதிகாரிகளுக்குப் பயிற்சி மாநாடாம். கடற்கரை ஹோட்டலில் முப்பது பேர் கவ்பாய் தொப்பி மாட்டிக்கொண்டு குதித்ததை அவர்களே வீடியோ எடுத்திருக்கிறார்கள். தொப்பியிலிருந்து சாப்பாடுவரை எல்லாம் அரசாங்கச் செலவு.

டுவெய்னுக்கும் வயிறு எரிந்தது. ஆலை மூடி வேலை போனபின் அத்தையின் வேனை ஓட்டுபவன் அவன்தான். ஊரிலுள்ள டயாலிசிஸ் நோயாளிகளை வாரம் மூன்று நாள், நாற்பது மைல் தள்ளியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேன். யாரிடமும் ஒரு டாலர் வாங்குவதில்லை.

இந்தத் தர்ம காரியத்துக்கு வரிவிலக்குச் சான்றிதழ் கேட்டு மனுப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரிக் கடிதம் வரும். இல்லையென்றால் கேள்வி வரும். உங்கள் கூட்டங்களில் என்ன ஜெபம் செய்கிறீர்கள்? உறுப்பினர்கள் என்ன புத்தகம் படிக்கிறார்கள்?

"சமையல் புத்தகம்னு எழுதட்டுமா?" என்று அத்தை பல்லைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பன்னிரண்டு சீட் வேன் ஒன்றைச் சும்மாவே தருகிறோம் என்கிறார்கள். ஆனால் சான்றிதழ் வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் வேன் வேறு ஊருக்குப் போய்விடும். பழைய வேனோ எந்த மேட்டில் உயிரை விடுமோ தெரியாது.

போன் அடித்தது.

"சீட் இல்லம்மா. அப்பா பேரை எழுதி வச்சிருக்கேன். நானே கூப்பிடறேன்." அத்தை போனை வைத்துவிட்டாள்.

"யாரு அத்தை?"

"ஆர்வில் ஜென்ட்ரியோட பொண்ணு. எட்டு மாசமா இதே நச்சரிப்பு. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக லீவு போட்டுப் போட்டு வேலையே போயிடும் போலிருக்காம்."

"பாவம்."

"அதை விடு. நாளைக்கு வண்டியை எடு. அந்த வரி ஆபீஸுக்கே போவோம்."

போனார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். கவுன்ட்டரில் ஹாடிக்ஸ் என்ற அதிகாரி. வெளுத்த சட்டை, தூங்காத கண்.

"ஆள் பத்தலைங்க மேடம். ஒவ்வொரு மனுவாத்தான் பார்க்கணும். கை பத்தலை."

"கை பத்தலையா? ஆடறதுக்கு மட்டும் அறுபது காலு இருந்துச்சே!"

வரிசையே சிரித்தது. ஹாடிக்ஸ் முகம் சிவந்து கோப்பை எடுத்து வந்தார். புரட்டினார். மனுவோடு இணைத்த ஒரு புகைப்படத்தில் விரல் நின்றது. அவர்களுடைய வேன்தான். பின்பக்கத்தில் போன தேர்தல் வேட்பாளரின் ஸ்டிக்கர்.

"இதைப் பார்த்துட்டு... தனி அடுக்குல வச்சுட்டாங்க. மேலிடத்து உத்தரவு."

"எல்லாக் கட்சி ஸ்டிக்கருக்கும் இதே உத்தரவா?"

அவர் கோப்பை மூடினார்.

"கேக்கறேன்ல? எல்லாக் கட்சிக்குமா?"

"இல்ல மேடம்."

அத்தை மேஜையில் ஓங்கி அடித்தாள். "வெக்கமா இல்லை? என் வண்டியில வர்றவங்க பொழைச்சுக் கிடக்கறதே அந்த மெஷினாலதான்யா! ரத்தம் சுத்தம் பண்ற மெஷின், நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேக்குதா? மனுஷன் உயிருக்குப் போராடறான், நீங்க அவன் கட்சியைத் தேடறீங்க! நீங்கல்லாம் ராத்திரி எப்படித் தூங்கறீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். டுவெய்னும் தட்டினான். என்ன பொம்பளை! இவளுக்கு மருமகனாகப் பிறந்ததே பெருமை என்று தோன்றியது.

ஹாடிக்ஸ் எழுந்து உள்ளே போனார். யாரிடம் என்ன சண்டை போட்டாரோ, அரை மணி கழித்துச் சான்றிதழோடு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். நாங்க செஞ்சது தப்பு."

"இனிமேலாவது மனுஷங்களா இருங்க" என்று வாங்கிக்கொண்டாள் அத்தை.

அடுத்த வாரமே புது வேன் வந்தது. முதல் சவாரி. வழக்கமான ஆறு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் இன்னும் நாலு சீட் காலி. டுவெய்ன் சீட்டியடித்தபடி ஓட்டினான்.

ஜென்ட்ரி வீட்டுத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தான். கிழவர் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோளில் போர்வை, கையில் பை. புது வேன் வந்த சேதி யாரோ சொல்லியிருக்க வேண்டும். வேனைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்தாத. போ" என்றாள் அத்தை.

"அத்தை, நாலு சீட் காலியா இருக்கே!"

"இருந்துட்டுப் போகட்டும்."

புல்வெளியைத் தாடையால் காட்டினாள். அங்கே ஒரு தேர்தல் பலகை நட்டிருந்தது. மழையில் வெளுத்துப்போயிருந்தாலும் பெயர் தெரிந்தது. அத்தை ஸ்டிக்கர் ஒட்டிய ஆளை எதிர்த்து நின்ற வேட்பாளர்.

டுவெய்ன் பிரேக்கை மிதித்தான்.

"எட்டு மாசமா சீட் இல்லன்னீங்க. இதோ உக்காந்திருக்கற ஹார்லன் போன மாசம் கேட்டதும் ஏத்தினோமே?"

"ஹார்லன் நம்ம ஆளு."

கிழவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாக வேனை நோக்கி நடந்து வந்தார்.

"இதோ வர்றாரு. என்ன சொல்லட்டும் அத்தை?"

வெர்னா மடியிலிருந்த, சீட் கேட்பவர்களின் பேர் எழுதும் நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் ஆர்வில் ஜென்ட்ரியின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லு."