சாரி அட்டை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் ஏழு பேர், லாண்ட்ரியில் வேலை செய்யும் ஆண்கள் இரண்டு பேர், இங்கிலீஷ் டீச்சர், மேனேஜர். மொத்தம் பதினொரு பேர். போன மாதம் போட்டபடியே நாற்காலிகளைப் போட்டிருந்ததால் ஒன்று காலியாகக் கிடந்தது.

அந்த ஹோட்டல் ஊழியர்களுக்கு மாதம் ஒரு முறை இங்கிலீஷ் பேசும் வகுப்பு. அடித்தளத்தில், துவைத்த துண்டுகளை மடிக்கிற அறையில் நடக்கும்.

டீச்சர் ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். அதில் ‘சாரி’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மேனேஜருக்கும் ஒன்றை நீட்டினார்.

“எனக்கு எதுக்கு?”

“எல்லாரும் விளையாடணும் சார். அப்பதான் இவங்களுக்குக் கூச்சம் போகும்.”

மேனேஜர் சிரித்துக்கொண்டே வாங்கினார். “அப்ப நானும் ஒரு ரூல் போடறேன். கடைசியில யார் கையில அட்டை மிச்சம் இருக்கோ, அவங்களுக்கு இந்த மாசத்தோட வேலை இல்லை. கெஸ்ட்கிட்ட சாரி சொல்லத் தெரியாத ஆள் நமக்கு எதுக்கு?”

மற்ற யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர்தான் கோபக்கார கெஸ்ட். அவர் ஒரு குறை சொல்லிக் கத்துவார். எதிரில் நிற்பவர் ‘சாரி மேடம்’ என்று ஆரம்பித்து இங்கிலீஷில் ஒரு பதில் சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“என் சாரி எங்கே?” என்று லாண்ட்ரிக்காரரிடம் பாய்ந்தார் டீச்சர்.

“சாரி மேடம். யுவர் சாரி நோ டிரை. வெரி சாரி.”

“அண்ணே, இதுல எது புடவை, எது மன்னிப்பு?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, ஒரே சிரிப்பு.

டீச்சரிடம் எட்டு அட்டைகள் சேர்ந்தன. பெரியக்கா மட்டும் பாக்கி. அங்கே வேலை செய்பவர்களில் மூத்தவள் என்பதால் அந்தப் பெயர். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“என் வளையலைக் காணோம்! ரூமுக்குள்ள வந்தது நீ மட்டும்தான்!”

பெரியக்கா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

“சாரி மேடம்னு ஆரம்பிங்கக்கா” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார் டீச்சர்.

“நான் எடுக்கலையே டீச்சர். எதுக்கு சாரி?”

“இங்கிலீஷ்!” மேனேஜர் மேசையைத் தட்டினார்.

“ஐ நோ டேக். ஒய் சாரி?”

“ஏம்மா, சொன்னா வாயிலிருந்து முத்து உதிர்ந்துடுமா?” மேனேஜர் எழுந்துவிட்டார். “சாரின்னா தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தமா? அது ஒரு மரியாதை. ஒரு வார்த்தைதானே! அதைச் சொல்லக்கூட இவ்வளவு திமிரா? நாளையிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்துக்கோ!”

“சொல்லித் தொலையேன்க்கா. கையில இருக்கற வேலையைக் கெடுத்துக்காதே” என்று பக்கத்தில் இருந்தவள் பல்லைக் கடித்தாள்.

பெரியக்கா காலி நாற்காலியைக் காட்டினாள்.

“இதுல உட்கார்ந்திருந்தவ எங்கே டீச்சர்?”

“சிட்டுவா? லீவுன்னு நினைச்சேன்.”

“வேலையை விட்டுத் துரத்தியாச்சு. ஒரு கெஸ்ட் வாட்சைக் காணோம், நீதான் எடுத்தேன்னு கத்தினார். கெஸ்ட் என்ன சொன்னாலும் முதல்ல சாரி சொல்லுங்கன்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களே, சின்னப் பொண்ணு, அதையே சொன்னா. ‘சாரி சார், சாரி சார்’னு அழுதா. ‘பாருங்க, அவளே ஒத்துக்கிட்டா’ன்னு சொல்லி வெளியே அனுப்பினது இதோ, இவர்தான்.”

டீச்சர் கையிலிருந்த எட்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்துவிட்டார்.

“திருடிக்கு நீ வக்கீலா?” என்று கத்தினார் மேனேஜர்.

“அவ திருடலை சார்.” சற்றுமுன் எல்லோரையும் சிரிக்க வைத்த லாண்ட்ரிக்காரர் எழுந்து நின்றார். “அந்த கெஸ்ட் துவைக்கப் போட்ட கோட்டுல, உள்பாக்கெட்ல இருந்துச்சு வாட்ச். மறுநாளே உங்க கையிலதானே கொடுத்தேன்?”

“நான் மட்டும் என்ன, வீட்டுக்கா எடுத்துட்டுப் போனேன்? அன்னிக்கே கெஸ்டுக்கு அனுப்பி வெச்சேனே!”

“சிட்டுவுக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

“அதுக்குள்ள அவ இடத்துக்கு வேற ஆளை வரச் சொல்லியாச்சு.”

பெரியக்கா நடந்துபோய்த் தன் அட்டையைக் காலி நாற்காலியில் வைத்தாள்.

“சாரிடி சிட்டு. அன்னிக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

இந்த முறை யாரும் ‘இங்கிலீஷ்’ என்று மேசையைத் தட்டவில்லை.

டீச்சர் தன் போனில் சிட்டுவின் நம்பரைத் தேடி எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். “உங்க அட்டை இன்னும் உங்க கையிலேயே இருக்கு சார். ஒரு வார்த்தைதானே? சொல்லிடுங்க.”

மேனேஜர் போனைத் தள்ளிவிட்டார்.

“நானா? நான் எப்படி சாரி சொல்றது? சொன்னா, தப்பு பண்ணினது நான்னு ஆயிடாதா?”

கொடுத்த அட்டைகள் பத்து. டீச்சரின் மேசையில் எட்டு, காலி நாற்காலியில் ஒன்று.

மேனேஜர் கையில் மிச்சம் ஒன்று.