விட்டுப்போன மூன்று வருஷம்

பென்ஷன் ஆபீஸ் பெஞ்சில் அவரைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் பார்த்துவிட்டார். "வாம்மா! நீயும் ரிட்டயர் ஆயிட்டியா?" என்று நகர்ந்து இடம் விட்டார்.

"ஆமா சார்," என்றவள் உட்காராமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

எண்பதை நெருங்கும் மனிதர். உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு கையெழுத்துப் போட வந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் அவளைத்தான் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டுமே. பட்டவளுக்குத்தானே தெரியும்!

ஒரு காலத்தில் அவள் அவருக்கு டைப்பிஸ்ட். ஆபீசில் அவருக்கு 'உலகஞ்சுற்றி' என்று பட்டப்பெயர். மனிதர் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு நாட்டுப் பென்ஷன் சட்டமும் அத்துப்படி. எந்த நாட்டில் எத்தனை வயசில் ஓய்வு, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்.

அதனால்தான் பென்ஷன் சீர்திருத்த அறிக்கையை அவர் தலையில் கட்டினார்கள்.

ஒரு வருஷ வேலை. அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து மேஜையில் அவள் அடிப்பாள். நாலு கார்பன் வைத்து அடித்து விரலெல்லாம் நீலம். நாலு மணிக்கு டீ வந்தால்தான் இரண்டு பேரும் தலை நிமிர்வார்கள்.

"இந்த நாட்டுக்காரன் கில்லாடிம்மா. ஆளுக்கொரு உண்டியலைக் கையில கொடுத்து, இனி உன் பாடு உன் உண்டியல் பாடுன்னுட்டான்."

"அப்போ அந்த ஆறாவது நாடு சார்?"

"அவன் தங்கம். வயசாயிட்டா எல்லாருக்கும் ஒரே தொகை. முதலாளிக்கும் அதே, மூட்டை தூக்குறவனுக்கும் அதே."

"அப்போ நான் அங்கே போய்க் கிழவி ஆகிக்கிறேன் சார்."

டம்ளரில் இருக்கும் டீ சிந்துகிற அளவுக்குச் சிரிப்பார்.

பக்கவாதத்தில் விழுந்த புருஷனை மூன்று வருஷம், சம்பளமில்லா லீவில், தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு, கடைசியில் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த நேரம் அது. அவளைத் திரும்பச் சிரிக்க வைத்தது அந்த நாலு மணி டீதான். இத்தனை வருஷ சர்வீசில் அது மாதிரி ஒரு காலம் பிறகு வரவே இல்லை.

எல்லாம் கடைசிக்கு முந்தின அத்தியாயம் வரைக்கும்தான்.

'முழுப் பென்ஷனுக்கு முப்பது வருஷ சர்வீஸ்' என்று அவர் சொன்னதும் அவள் விரல் நின்றது.

"சார், இப்போ இருபத்தஞ்சுதானே?"

"மத்த நாட்டுல முப்பத்தஞ்சு, நாற்பதும்மா. இதுகூடப் போடலைன்னா, உனக்குப் பின்னாடி வர்றவங்களுக்குக் கஜானாவில துடைச்சு எடுக்கக்கூட ஒண்ணும் இருக்காது."

"கடைசி நாள் வரைக்கும் வேலை பார்த்தாலும் எனக்கு இருபத்தேழுதான் சார் வரும். அந்த மூணு வருஷம் எண்ணிக்கையில வராதே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் மிஷினிலிருந்து தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். "மிச்சத்தை வேற யாரையாவது வச்சு அடிச்சுக்குங்க."

மறுவாரமே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவருடைய பிரிவு உபசாரத்துக்குக்கூடப் போகவில்லை. அந்த அறிக்கை சட்டமாகி, புத்தகமாகி, எல்லார் மேஜைக்கும் வந்தது. அவள் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

"அம்மா, வாங்க!" கவுன்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். "எல்லாம் சரியா இருக்கு. முழுப் பென்ஷன்."

"முழுசா? நல்லாப் பாரும்மா. எனக்கு இருபத்தேழு வருஷம்தான்."

"இருபத்தேழும் மூணும் முப்பதும்மா. வீட்டில படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்த்துக்க எடுத்த லீவு, மூணு வருஷம் வரைக்கும் சர்வீசில சேரும். அறிக்கையோட கடைசி அத்தியாயம். பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, நாங்களாத்தான் தேடிச் சேர்க்கிறோம்."

கடைசி அத்தியாயம்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. படியிறங்கி ஓடினாள். அவர் வாசலில் ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார்!"

நின்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"அன்னைக்கு அப்படி ஒரு அத்தியாயமே இல்லையேம்மா. நீ எழுந்து போனப்புறம் உட்கார்ந்து எழுதினது. கமிட்டி ஒத்துக்குமோ ஒத்துக்காதோன்னு வேற பயம். ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல வந்தா, நீ என்னைக் கண்டாலே வேற வராண்டாவில திரும்பிடுவே."

அவள் பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"எந்த நாட்டுச் சட்டத்திலேர்ந்து சார் எடுத்தீங்க?"

"கமிட்டியும் இதையேதான் கேட்டாங்க. குழந்தை வளர்க்கிற வருஷத்தை எண்ணுற நாடு இருக்கு. படுத்துட்ட புருஷனுக்காக முழுசா மூணு வருஷத்தை எண்ணுற நாடு, நாம பார்த்த பன்னிரண்டுல ஒண்ணுகூட இல்லை," என்றார் அவர். "அதை மட்டும் பக்கத்து மேஜையிலேர்ந்து எடுத்தேம்மா."